வெள்ளிக்கிழமைக் கட்டத்தை முதலில் நிரப்புங்கள்: யூத மழலையர் வகுப்பின் ஒரு வாரம்

யூதப் பள்ளி ஒன்றில் கிண்டர்கார்டன் வகுப்புக்குத் துணை ஆசிரியையாகவோ, ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் பொதுப்பாட ஆசிரியையாகவோ சேரப்போகிறீர்களா? திங்கள் முதல் வெள்ளி வரை கட்டம் போட்ட திட்டத்தாளை எடுத்ததும் வெள்ளிக்கிழமைக் கட்டத்தை முதலில் நிரப்புங்கள். பிறகு வியாழன், புதன் என்று பின்னால் வாருங்கள். மற்ற பள்ளிகளில் வெள்ளி என்றால் மிச்சம்மீதியை முடிக்கிற நாள். இங்கே வாரமே வெள்ளிக்காகத்தான் நடக்கிறது. அன்று சூரியன் மறைவதோடு ஷபாத் தொடங்கிவிடும். சனிக்கிழமை இரவு வானில் மூன்று நட்சத்திரம் தெரிகிற வரை அது ஓய்வு நாள். ஐந்து வயதுப் பிள்ளைகூட "ஷபாத்துக்கு இன்னும் மூணு நாள்" என்றுதான் கிழமையைக் கணக்கு வைக்கிறது.

நான் வேலை பார்ப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். வகுப்பில் நாங்கள் இரண்டு பேர். தோரா என்னும் யூத வேதநூல், பிரார்த்தனை, ஹீப்ரு எழுத்து எல்லாம் யூத ஆசிரியையின் பொறுப்பு. ஆங்கிலம், கணக்கு, அறிவியல் என் பொறுப்பு. பிள்ளைகள் அவரையும் 'மோரா' (ஆசிரியை) என்பார்கள், என்னையும் 'மோரா' என்பார்கள். கீழே மோரா என்று நான் சொல்வது அவரை. கீழே எழுதுவது என்னைப்போல் வெளியிலிருந்து உள்ளே போகிறவர்களுக்கு. பள்ளிக்குப் பள்ளி வழக்கம் மாறும். ஆர்த்தடாக்ஸ் பள்ளி என்றால் கறார், ரிஃபார்ம் பள்ளி என்றால் கொஞ்சம் தளர்வு. எதில் சந்தேகம் வந்தாலும் கூட இருக்கும் மோராவைக் கேட்டுவிடுங்கள். கேட்பதை அங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை.

வெள்ளி

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஷபாத் விருந்து நடக்கும். வெள்ளை மேசை விரிப்பு, இரண்டு மெழுகுவத்தி, துணி போட்டு மூடிய இரண்டு ஹலா ரொட்டி, திராட்சைச் சாறு. அந்த வாரத்து 'ஷபாத் அம்மா', 'ஷபாத் அப்பா' என்று இரண்டு பிள்ளைகள் தலைமையில் உட்காருவார்கள். ரொட்டி ஏன் இரண்டு? பாலைவனத்தில் வானிலிருந்து மன்னா விழுந்த காலத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டிப்பாக விழுந்தது என்று தோரா சொல்கிறது, அதன் நினைவாக. பிள்ளைகளுக்கு இது தெரியும். உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்லித்தருவார்கள், மிகுந்த பெருமையோடு.

மெழுகுவத்தி நிஜமாக எரியாது. நிஜத்தில் ஏற்ற வேண்டிய நேரம் சாயங்காலம், சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னால், வீட்டில். வகுப்பில் மரத்தால் ஆனதோ பேட்டரி போட்டதோ போதும். திராட்சைச் சாற்றை யார் ஊற்றலாம் என்பதற்குக்கூடச் சில பள்ளிகளில் விதி உண்டு. அந்தக் குப்பியை மோராவிடமே விட்டுவிடுங்கள். உங்கள் வேலை கோப்பை வைப்பதும் கொட்டினால் துடைப்பதும். கொட்டும்.

விருந்துக்கு முன்னால் ட்ஸெடகா என்னும் தர்ம உண்டியல் சுற்றி வரும். ஷபாத்தில் காசைத் தொடுவதில்லை என்பதால், தர்மத்துக்கான காசை அதற்கு முன்பே போட்டுவிடுவது வழக்கம். பொதுப்பாட ஆசிரியைக்கு இதைவிட நல்ல கணக்கு வகுப்பு கிடைக்காது. பென்னி, நிக்கல், டைம், குவார்ட்டர் (1, 5, 10, 25 சென்ட் காசுகள்) நான்கையும் உண்டியலிலிருந்து ஒரு தட்டில் கொட்டி வகை பிரிக்கச் சொல்லுங்கள். டைம் சின்னதாக இருந்தும் நிக்கலைவிட மதிப்பு ஏன் கூட என்பதில் பிள்ளைகளுக்குள் பெரிய வாக்குவாதம் நடக்கும். குறுக்கே போகாதீர்கள். ஐந்து பென்னிக்கு ஒரு நிக்கல், இரண்டு நிக்கலுக்கு ஒரு டைம் என்று மாற்றிக்கொள்ளும் 'வங்கி' ஒன்றை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் வாக்குவாதம் தானாக அடங்கும். யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று மட்டும் எண்ணவே கூடாது. வகுப்புக்கு மொத்தம் எவ்வளவு என்றுதான் எண்ண வேண்டும்.

இன்னொன்று, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம்: குளிர்காலத்து வெள்ளி. டிசம்பரில் இங்கே நாலரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதனால் பள்ளி சீக்கிரமே விட்டுவிடும். பசை காயாத கைவேலை, ஈரம் உலராத ஓவியம் எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். "மீதியை வீட்டில் ஒட்டிக்கொள்" என்று கொடுத்தனுப்பவும் முடியாது. வெட்டுவது, எழுதுவது, தைப்பது, நெருப்பு மூட்டுவது என்று ஷபாத்தில் விலக்கிய வேலை வகைகள் 39. வண்ணம் தீட்டுவதும் அதில் அடங்கும். எனவே ஷபாத் மேசைக்குப் போக வேண்டிய கைவேலை, அதாவது ஹலாவை மூடும் துணி, வாசனைப் பெட்டி, அந்த வாரக் கதையின் படம் எல்லாமே புதன்கிழமை தொடங்கி வியாழன் மதியத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். பின்னோக்கித் திட்டம் போடுங்கள் என்று சொன்னதற்கு முதல் காரணம் இந்தப் பசைதான்.

வியாழன்: மாவு

ஹலா செய்வதை வெள்ளி காலைக்குத் தள்ளிப்போடும் பள்ளிகள் உண்டு. எனக்கு அது ஒத்துவராது. மாவு உப்புவதற்கு நேரம் வேண்டும். வெள்ளியன்று நேரமே கிடையாது. வியாழன் காலை வந்ததும் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் சர்க்கரையோடு கரைத்துக் கண்ணாடிக் குவளையில் வையுங்கள். நுரை எழும்புவதைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கட்டும். இன்னொரு குவளையில் அதே ஈஸ்ட், குளிர்ந்த நீர், சர்க்கரை கிடையாது. எது உப்பும் என்று முன்கூட்டியே கேட்டுப் பலகையில் குறித்துக்கொண்டால் அன்றைய அறிவியல் வகுப்பு முடிந்தது.

ஹலாவை வழக்கமாகப் பின்னித்தான் செய்வார்கள். மூன்று கால் பின்னல் ஐந்து வயதுக் கைக்கு லேசில் வராது. நான் முதலில் மூன்று நிறத்தில் கனமான துணிப்பட்டை கொடுத்துப் பழக்குவேன்: சிவப்பு, நீலம், மஞ்சள். 'ஓரத்தில் இருப்பவர் நடுவே வருகிறார்' என்று ஒரு வாய்ப்பாடு. இடது ஓரம் ஒரு முறை, வலது ஓரம் ஒரு முறை. துணியில் கை பழகிய பிறகு மாவு. மாவைக் கயிறாகத் திரிக்கும்போது நடுவில் இளைத்து அறுந்துபோகும். உள்ளங்கையை நடுவில் வைத்து ஓரம் நோக்கி உருட்டச் சொன்னால் சரியாகும். பின்னலே வராத பிள்ளைக்குச் சுருட்டி வட்டமாக வைத்துக் கொடுங்கள். யூதப் புத்தாண்டுக்கு ஹலாவை வட்டமாகத்தான் செய்வார்கள், ஆகவே அதுவும் 'முறையான' ஹலாதான். அந்தப் பிள்ளையின் முகம் வாடாது.

மாவில் பால், வெண்ணெய் சேராது. அந்த ரொட்டியை இறைச்சியோடும் சாப்பிட வேண்டும். கோஷர் என்னும் யூத உணவு விதிப்படி பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது. எண்ணெய்தான். முட்டை ஒவ்வாத பிள்ளை இருந்தால் தனி மாவு. அதிக அளவு மாவு பிசைந்தால் அதில் ஒரு கிள்ளு எடுத்து ஒதுக்கும் சடங்கு உண்டு. எந்த அளவுக்கு மேல் என்பது மோரா பார்த்துக்கொள்வார். அடுப்பும் பள்ளியின் கோஷர் சமையலறை அடுப்புதான். ஆர்த்தடாக்ஸ் பள்ளி என்றால் அதை மூட்டும் கை யூதர் ஒருவரின் கையாக இருக்க வேண்டும் என்பார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மடி பார்க்கும் சமையலறை யாருடையதாக இருந்தாலும் அதற்கென்று ஆசாரம் இருக்கும்.

சாப்பாடு என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்த எதையும் பிள்ளைகளுக்காகக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் கேசரி ஊரே மெச்சுகிற கேசரியாக இருக்கலாம். பிள்ளைகள் அதைத் தொட முடியாது. உடைக்காத பாக்கெட், அதன் மேல் கோஷர் முத்திரை. வட்டத்துக்குள் 'யூ' எழுத்து இருக்கிறதே, அடிக்கடி கண்ணில் படுவது அதுதான். பக்கத்தில் 'டி' எழுத்து இருந்தால் பால் சேர்ந்தது. இறைச்சி சாப்பிடும் நாளில் அது வெளியே வராது. உங்கள் சொந்த மதிய உணவு எங்கே, எதைச் சாப்பிடலாம் என்பதையும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரொட்டி சாப்பிடும் முன் கை கழுவுவது குழாயில் அல்ல. இரண்டு பிடி வைத்த குவளையில் நீர் பிடித்து, வலது கையில் இரண்டு அல்லது மூன்று முறை, பிறகு இடது கையில் அதே அளவு. அந்த வரிசையில் நிற்கும்போது எண்ணுவதற்கும் இடம் வலம் பழகுவதற்கும் தினமும் ஐந்து நிமிடம் சும்மாவே கிடைக்கிறது. கழுவியபின் மந்திரம் சொல்லி ரொட்டியைக் கடிக்கும் வரை பிள்ளைகள் பேச மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து அவர்களிடம் கேள்வி கேட்காதீர்கள்.

புதன்: அந்த வாரத்துக் கதை

தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து ஆண்டு முழுவதும் வாரம் ஒன்றாக, சில வாரம் இரண்டாகச் சேர்த்து வாசிக்கிறார்கள். அந்த வாரப் பகுதிக்கு 'பார்ஷா' என்று பெயர். உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் சினகாகும் (யூத வழிபாட்டு இல்லம்) பெரும்பாலும் அதே வாரம் அதே பகுதியைத்தான் வாசிக்கும். கதை சொல்வது மோராவின் வேலை. கதைக்குள் இருக்கும் கணக்கையும் அறிவியலையும் வெளியே எடுப்பது நம் வேலை. நீதி சொல்லப் போகாதீர்கள். அது நமக்கு உரிய இடமல்ல, பிள்ளைகளுக்கும் ஒரு கதைக்கு ஒரு ஆள் நீதி சொன்னால் போதும்.

நோவா வாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்குப் பிடித்த வாரம். பேழையின் அளவு தோராவிலேயே இருக்கிறது: நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. முழம் என்றால் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் நீளமாக ஒரு டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் முழத்தையும் ஒரு கயிற்றில் அளந்து வெட்டிக் கையில் கொடுங்கள். 300 வேண்டாம், தாழ்வாரம் போதாது. பேழையின் அகலமான 50 முழத்தை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். ஒரே கோட்டில் தொடங்குகிற பிள்ளைகள் வெவ்வேறு இடத்தில் போய் நிற்பார்கள். ஒருவன் தண்ணீர்க் குழாயருகே, இன்னொருத்தி அலுவலக வாசலில். "என் கை சின்னது, அதனால் என் பேழைக்குள் ஒட்டகச்சிவிங்கி படுத்துக்கொண்டுதான் வரும்" என்றான் ஒருவன். பிறகு நான் என் முழத்தால் அளப்பேன். எல்லோரையும் தாண்டிப் போய்விடும். எல்லோருக்கும் ஒரே அளவு வர என்ன செய்யலாம் என்று கேட்டு, பதில் வரும் வரை காத்திருங்கள். அளவுகோலை அன்றைக்குக் காட்ட வேண்டாம். மறுநாள் காட்டுங்கள்.

ஆதியாகமக் கதைகள் எல்லாமே இப்படிக் கைக்கு எட்டும். ஆபிரகாம் ஊரைவிட்டுக் கிளம்பும் வாரத்தில் ஒரு பெட்டிக்குள் ஐந்தே பொருள் வைக்கலாம் என்று சொல்லி எதை எடுப்பாய் என்று வரையச் சொல்லலாம். யாக்கோபின் ஏணிக்குப் படிகளை எண்ணலாம், யோசேப்பின் அங்கிக்கு நிற வரிசை அமைக்கலாம். அடுத்த நூலில் எகிப்தைத் தவளைகள் நிறைக்கும் வாரம் வந்தால் தவளையின் வாழ்க்கைச் சுழற்சி. சிரமம் வசந்தத்தில்தான், பலிகளும் தோல் நோயும் வரும் லேவியராகமப் பகுதிகளில். தோல் நோயைப் புறம்பேசுவதன் விளைவு என்று யூத மரபு விளக்குவதால், வகுப்பறைகளில் ஒரு விளையாட்டு வைப்பார்கள்: பற்பசையைத் தட்டில் பிதுக்கு, பிறகு அதைத் திரும்ப டியூபுக்குள் போடு. பிள்ளைகள் பல் குத்தும் குச்சி, கரண்டி, விரல் என்று எல்லாவற்றையும் முயன்று பார்ப்பார்கள். மேசையில் பழைய விரிப்பு போடுங்கள்.

ஒரு முக்கியமான ஜாக்கிரதை. ஹீப்ருவில் இறைவன் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது. அதற்கென்று 'கெனிஸா' என்றோ 'ஷேமோஸ்' என்றோ ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். சேர்ந்ததும் எடுத்துப் புதைத்துவிடுவார்கள். மேசையைச் சுத்தம் செய்யும்போது ஹீப்ரு எழுத்திருக்கும் தாள் எதையும் யோசிக்காமல் கசக்காதீர்கள். தனியாக எடுத்து வைத்து மோராவிடம் காட்டிவிடுங்கள். அதே காரணத்துக்காகப் பிரார்த்தனைப் பக்கத்தை வெட்டி ஒட்டும் கைவேலையும் வேண்டாம்.

செவ்வாய்: எழுத்து

ஹீப்ருவுக்கு 22 எழுத்து. அதில் 5 எழுத்துக்குச் சொல்லின் கடைசியில் வரும்போது உருவம் வேறு. வாரம் ஒரு எழுத்து என்று மோரா போவார். நம் ஆங்கில எழுத்தையும் அதே நாளில் வைத்துக்கொண்டால் குழப்பம் வருமோ என்று பயப்பட வேண்டாம். குழப்பம் எழுத்தில் வருவதில்லை, திசையில்தான் வருகிறது. ஹீப்ரு வலமிருந்து இடம், ஆங்கிலம் இடமிருந்து வலம். தாளில் தொடங்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டுங்கள். ஹீப்ருத் தாளுக்கு வலது மேல் மூலை, ஆங்கிலத் தாளுக்கு இடது மேல் மூலை. கொஞ்ச நாளில் பிள்ளைகள் புள்ளி இல்லாமலே விரலை அங்கே கொண்டுபோய் வைப்பார்கள்.

ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் எழுத்துகளில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். டாலெட்டும் ரேஷும் ஒரே கோடு போலத் தெரியும். டாலெட்டின் மேல் மூலையில் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ரேஷ் வளைந்து இறங்கிவிடும். கண்ணால் பார்த்துப் பிடிபடாத பிள்ளைக்கு உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் கொடுத்துக் கண்ணை மூடித் தடவச் சொல்லுங்கள். முனை விரலில் குத்தும். ஹேவும் ஹெட்டும் இன்னொரு ஜோடி: ஹேவில் இடது கால் மேலே தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளிக்குள் ஒரு மணியை உருட்டிப் பார்ப்பதுதான் எங்கள் வகுப்புச் சோதனை. மணி வெளியே வந்தால் ஹே, மாட்டிக்கொண்டால் ஹெட்.

முதல் எழுத்து படிக்கும் நாளில் பல பள்ளிகளில் எழுத்தட்டையின் மேல் தேன் தடவிப் பிள்ளையை நக்கச் சொல்வார்கள். இடைக்கால ஐரோப்பிய யூதர்களிடமிருந்து வந்த வழக்கம் அது. தட்டில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து எழுதப் பழகிய நமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. லேமினேட் செய்த அட்டைதான் உசிதம். தேனுக்கும் கோஷர் முத்திரை பாருங்கள்.

திங்கள்

வாரம் தொடங்குவது மூக்கிலிருந்து. ஷபாத் முடியும்போது வீட்டில் ஹவ்தாலா என்ற சடங்கு நடக்கும்: ஒரு கோப்பைத் திராட்சை ரசம், பல திரிகளைப் பின்னிய மெழுகுவத்தி, முகர்ந்து பார்க்க வாசனைப் பொருள். கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோல், ரோஸ்மேரி என்று நான்கைந்தை ஜோடி ஜோடியாகச் சின்ன டப்பாக்களில் பஞ்சில் பொதிந்து, மூடியில் ஓட்டை போட்டு வையுங்கள். கண்ணால் பார்க்காமல் ஜோடி சேர்க்க வேண்டும். பொடியாகப் போடாதீர்கள், தும்மல் தாங்காது.

பிறகு பேச்சு நேரம். "சனிக்கிழமை என்ன படம் பார்த்தாய்?" என்பது இங்கே எடுபடாத கேள்வி, பல வீடுகளில் திரையே அன்று கிடையாது. "ஷபாத் மேசையில் யார் யார் உட்கார்ந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு கட்டை என்று அடுக்கச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு கோபுரம் வரும். தாத்தா, பாட்டி, அத்தை, பக்கத்து வீடு என்று இருபதைத் தொடும் கோபுரமும் இருக்கும். அம்மாவும் தானுமாக இரண்டு கட்டையோடு நிற்பதும் இருக்கும். யார் கோபுரம் உயரம் என்று கேட்காதீர்கள். எல்லாக் கோபுரத்தையும் படுக்கவைத்து ஒரே ரயிலாகக் கோத்து, பத்துப் பத்தாக எண்ணுங்கள்.

பண்டிகை வந்தால்

மேலே சொன்ன ஐந்து நாள் ஒழுங்கு செப்டம்பர், அக்டோபரில் செல்லாது. புத்தாண்டு, யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாள், சுக்கோத் என்னும் குடில் பண்டிகை, தோரா வாசிப்பு முடிந்து மறுபடி தொடங்கும் சிம்ஹத் தோரா எல்லாம் மூன்று வாரம் சொச்சத்துக்குள் வந்துபோகும். எழுத்தையும் பார்ஷாவையும் அதற்குப் பிறகு தொடங்குங்கள். தோரா வாசிப்பும் அங்கிருந்துதான் புதிதாகத் தொடங்குகிறது. அதுவரை ஆப்பிளும் தேனும், ஊதும் ஷோஃபர் கொம்பும், சுக்கா குடிலின் கூரையும் போதும்.

ஹனுக்கா என்னும் விளக்குப் பண்டிகையில் கணக்கு கொட்டிக்கிடக்கிறது. எட்டு இரவு, முதல் இரவு ஒரு விளக்கு, அடுத்த இரவு இரண்டு என்று ஏறும்; அதோடு தினமும் ஏற்றி வைக்க ஒரு 'ஷமாஷ்'. மொத்தம் 44 மெழுகுவத்தி. நிஜ மெழுகுவத்திப் பெட்டியைத் தரையில் கொட்டி எட்டு வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள்; பெட்டி சரியாகக் காலியாவதைப் பார்த்து அசந்துபோவார்கள். பக்கத்துக்கு ஒரு ஹீப்ரு எழுத்து உள்ள டிரைடல் பம்பரத்தில் 'ஹே' விழுந்தால் நடுவில் சேர்ந்த காசில் பாதி எடுக்க வேண்டும். ஏழு காசில் பாதி எவ்வளவு என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

பூரிம் பண்டிகைக்கு, கதை வாசிக்கும்போது வில்லன் பெயர் வந்தால் சத்தம் போட ஒரு கிலுகிலுப்பையும், நண்பருக்குக் கொடுக்க இரண்டு வகைத் தின்பண்டம் வைக்கும் பையும் செய்தால் ஆயிற்று. அந்த வாரம் வேறெதையும் கற்பிக்க முடியாது.

பெசாக் பண்டிகையில் புளித்த தானிய உணவு எதுவும் இருக்கக் கூடாது. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே அலமாரியைப் பாருங்கள். பிளேடோ என்னும் விளையாட்டு மாவு கோதுமை மாவால் ஆனது, வெளியே போக வேண்டும். மக்ரோனி மணிமாலை, கையால் அளைந்து விளையாடப் பார்லி நிரப்பிய தொட்டி எல்லாமும் அப்படியே. அந்தத் தொட்டியில் மணலோ பொத்தானோ போட்டுக்கொள்ளுங்கள். மாட்ஸா என்னும் புளிக்காத ரொட்டி செய்யும் விளையாட்டை இதற்கு முன்பே வைத்துவிட வேண்டும்: மாவில் நீர் பட்டது முதல் சுட்டு எடுக்கும் வரை 18 நிமிடம் தாண்டக் கூடாது. பெரிய மணல் கடிகாரம் ஒன்றை நடுவில் வையுங்கள். ஒருவர் ஊற்ற, ஒருவர் பிசைய, ஒருவர் தேய்க்க, ஒருவர் முள்கரண்டியால் குத்த என்று வேலை பிரித்துக்கொள்ளாமல் முடியாது என்பது பாதி நேரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பெசாக் இரண்டாம் இரவிலிருந்து 49 நாள் எண்ணும் 'ஓமெர்' தொடங்கும். சுவரில் ஏழுக்கு ஏழு கட்டம் போட்டு ஒட்டிவிடுங்கள். தினமும் ஒரு ஸ்டிக்கர், திங்களன்று விட்டுப்போன சனி, ஞாயிறுக்கும் சேர்த்து. "இன்று 23, அதாவது மூன்று வாரமும் இரண்டு நாளும்" என்று சொல்லும் முறை சடங்கிலேயே இருப்பதால் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு அஸ்திவாரம் தானாக விழுகிறது. விடுமுறையில் போன கட்டங்களைத் திரும்பி வந்ததும் நிரப்பப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு கட்டத்தை முன்பே பெயர் எழுதி ஒதுக்கி வையுங்கள். 49 முடிந்த மறுநாள் ஷவுவோட், பாற்கட்டி கேக்கின் பண்டிகை. பால் ஒவ்வாத பிள்ளைகளின் பட்டியலை அதற்கு முந்தைய வாரமே சமையலறையில் கொடுத்துவிடுங்கள்.